'நைரோபி ஈ' பீதி: பூச்சியை அடையாளம் காட்ட ஆள் எங்கே?

புதுதில்லி: 2022 ஜூலை தொடக்கத்தில் சிக்கிம் மாநிலம் மஜிதாரில் உள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் சுமார் நூறு மாணவர்களுக்குத் தோலில் எரிச்சலும் கொப்புளமும் கண்டன. 'நைரோபி ஈ' படையெடுத்துவிட்டது என்று செய்தி பரவியது. ஆப்பிரிக்காவிலிருந்து புதிய ஆபத்து வந்துவிட்டதோ என்ற அச்சம் அண்டையிலுள்ள சிலிகுரி வரை எட்டியது.

உண்மையில் அது ஈ அன்று, வண்டு. பீடரஸ் பேரினத்தைச் சேர்ந்த இவ்வண்டுகள் இந்தியாவுக்குப் புதியவையும் அல்ல. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம். கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி அமைந்த ஒல்லியான உடல். மழைக்காலத்தில் விளக்கொளியை நாடி வீட்டுக்குள் வருபவை. இவை கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. உடலில் ஊர்வதைக் கையால் நசுக்கும்போது வெளிப்படும் பீடரின் என்னும் நச்சே தோலைப் புண்ணாக்குகிறது. ஓரிரு நாள் கழித்தே கொப்புளம் எழுவதால், பலர் பூச்சியைச் சந்தேகிப்பதே இல்லை. 'அக்கி' என்று எண்ணி வேறு மருந்து தேடுகின்றனர். ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்பு நீரால் கழுவினால் பெரும்பாலும் போதும். இதே இனத்து வண்டுகள் நெல் வயலில் புகையானைத் தின்று உழவருக்கு உதவுகின்றன என்பதும் குறிப்பிடத்தக்கது.

தோட்டத்திலும் இதே கதைதான். செம்பருத்திச் செடியில் வெண்பஞ்சு போல் ஒட்டியிருப்பதெல்லாம் மாவுப்பூச்சி என்று மருந்தடிப்போர் பலர். ஆனால் மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவும் அதே வெண்மெழுகு போர்த்தியிருக்கும். 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட நண்பன் அது. தொட்டால் விரைந்து நகர்வது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி மந்தமாகவே நகரும்.

சரியாக இனங்கண்டால் என்ன கிடைக்கும் என்பதைத் தமிழகம் நேரிலேயே கண்டது. 2008-ல் கோவையில் தலைகாட்டிய மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என எதையும் விட்டுவைக்கவில்லை. பூச்சிக்கொல்லிகள் பயன் தரவில்லை. அது மெக்சிகோ பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி என்று உறுதியான பிறகே, அதற்குரிய ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து வரவழைக்க முடிந்தது. அவற்றை விட்டபின் மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கியது.

இத்தகைய பணிக்கு நாட்டில் அடித்தளம் இல்லாமலில்லை. தில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சித் தொகுப்பு 1905-ல் பிகாரில் தொடங்கியது. 1934 நிலநடுக்கத்துக்குப் பின் நிலையத்துடன் தலைநகருக்கு வந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் அங்கு உள்ளன. கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916 முதல் இயங்குகிறது. ஆனால் நகரவாசி ஒருவர் தீப்பெட்டியில் பூச்சியை அடைத்துக்கொண்டு எங்கே போவது? உழவருக்கு வேளாண் அறிவியல் நிலையங்கள் உண்டு; நகராட்சிகளுக்கோ கொசு மருந்துப் புகையோடு பூச்சியியல் முடிந்துவிடுகிறது.

வகைப்பாட்டியல் வல்லுநர்களின் குறை வேறு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், மாதிரிகளை வெளிநாட்டு வல்லுநர்களுக்கு அனுப்பி ஒப்பிடுவதைக் கடினமாக்கிவிட்டது என்று 2006 முதலே அவர்கள் எழுதி வருகின்றனர். உயிரியல் கொள்ளையைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் காப்புரிமை தேடும் நிறுவனத்தையும், வண்டுக்குப் பெயர் தேடும் ஆய்வாளரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சரியாகாது. 2023-ல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது எழுந்த விவாதமோ, பெரும்பாலும் ஆயுஷ் துறைக்கான சலுகைகளையே சுற்றி வந்தது.