கட்டங்களுக்குள் ஒரு கலை

"இதென்ன கன்னித்தீவுக் கதையா? முடியவே மாட்டேன் என்கிறதே!" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நாளிதழில் வந்த ஒரு படக்கதை, பழமொழியைப் போல மக்கள் நாவில் வழங்குகிறதென்றால் அந்தக் கலையின் வரலாற்றை நாம் அறிய வேண்டாமா?

படங்களை வரிசையாக வைத்துக் கதை சொல்வது நமக்குப் புதிதன்று. திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளது. காட்சிகளை விளக்கும் தமிழ் எழுத்துகளும் அங்கே உண்டு. ஏறத்தாழ 300 ஆண்டுப் பழமை உடையவை அவை. தவக்காலத்தில் நாம் ஆலயத்தில் தியானிக்கும் சிலுவைப்பாதையும், 14 நிலைகளில் ஒரே வரலாற்றைக் கூறும் சித்திர வரிசையே அல்லவா?

இக்கலையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது அச்சு இயந்திரம். 1895இல் நியூயார்க் நகர நாளிதழ் ஒன்றில் அவுட்கால்ட் என்பவர் வரையத் தொடங்கிய சிறுவன், பின்னர் 'மஞ்சள் பையன்' எனப் புகழ் பெற்றான். தமிழகத்தில் பாரதியார் தம் 'இந்தியா' வார இதழில் கேலிச்சித்திரங்களை வெளியிட்டு வழிகாட்டினார். 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி'யில், 1960இல் 'கன்னித்தீவு' பிறந்தது. மந்திரவாதி மூசாவால் பொம்மையளவு சிறுத்துப்போன இளவரசி லைலாவும், அவளைக் காக்கப் புறப்பட்ட சிந்துபாத்தும் வீட்டுப் பிள்ளைகளைப் போல ஆனார்கள்.

இதில் கலை எங்கே இருக்கிறது? நாளிதழ்த் தாளில் நுண்ணிய கோடுகள் கலங்கிவிடும். ஆகவே ஓவியர் தடித்த, தெளிவான கோடுகளால் சுருக்கமாக வரைகிறார். சில கட்டங்களுக்குள் நேற்றைய கதையை நினைவூட்டி, இன்றைய நிகழ்ச்சியைக் காட்டி, நாளைக்கு ஓர் ஆவலையும் மிச்சம் வைக்கிறார். ஒரு கட்டத்தில் வீரன் வாளை ஓங்குகிறான். அடுத்ததில் பகைவன் வீழ்ந்து கிடக்கிறான். வாள் பாய்ந்ததை வரைந்தவர் யார்? நாமே! இரு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் நம் கற்பனையே தூரிகையாகிறது.

எனவே, படக்கதை படிப்பது சோம்பேறித்தனம் என்று பெற்றோர் எண்ண வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு, தெரியாத சொல்லின் பொருளைப் படமே சொல்லித் தருகிறது.

ஆனால் இன்று நாம் ரசிக்கும் சித்திரம், நாளை கடையில் பொட்டலத் தாளாகிவிடுகிறது. தோழியரே, பழைய தாளை எடைக்குப் போடுமுன் படக்கதையை மட்டும் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைப்போம். நம் ஓவியர்களின் கைத்திறனைக் காக்க நம்மால் இயன்ற சிறு தொண்டு அது.