ஒயினும் கொல்கத்தா வெயிலும்

பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில், வசதியான வெள்ளைக்காரர் வீடுகளில் 'ஆப்தார்' என்றொரு வேலையாள் இருந்தார். தண்ணீரையும் ஒயினையும் குளிரவைப்பதுதான் அவர் பொறுப்பு. அப்போது ஐஸ் ஏது? பீகாரிலிருந்து வெடிமருந்துக்காக ஆற்று வழியே வந்திறங்கும் வெடியுப்பில் கொஞ்சத்தை எடுத்துத் தண்ணீரில் கரைப்பார். வெடியுப்பு கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் பாட்டிலை அமிழ்த்திச் சுழற்றிக்கொண்டே இருப்பார். 1833-இல் ஃபிரடெரிக் டியூடர் பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 180 டன் ஐஸ் ஏற்றி அனுப்பிய 'டஸ்கனி' கப்பல், நான்கு மாதம் கடந்து கல்கத்தா வந்தபோது 100 டன் அளவுக்கு மிச்சமிருந்தது. ஊரே கொண்டாடியது. நம் சென்னை ஐஸ் ஹவுஸும், அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லமும், அதே டியூடரின் வியாபாரத்துக்காக எழுந்ததுதான்.

ஐஸ் வந்தாலும் அந்த வெயில் போகவில்லை. புதிதாக ஒயின் வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது 'எந்த பிராண்ட்?' என்று. கொல்கத்தாவில் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்த பாட்டில் இதுவரை எவ்வளவு சூடு பட்டிருக்கிறது என்பதை. நல்ல ஒயினையும் நாற்பது டிகிரி வெயில் வேகவைத்துவிடும். பழ வாசனை போய், வெந்த ஜாம் வாசனையும் ஒரு தட்டையான கசப்பும் வந்துவிடும். அந்தக் காலத்தில் கல்கத்தாவுக்கு வந்த மதீரா ஒயின் மட்டும் விதிவிலக்கு. கப்பலின் அடித்தளச் சூட்டில் அது இன்னும் ருசியேறியது. ஆனால் அது பிராந்தி கலந்து உரமேற்றப்பட்ட ஒயின். நாம் வாங்கும் சாதாரண பாட்டிலுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

ஆகவே கடையை முதலில் பாருங்கள். மேற்கு வங்கத்தில் பாட்டிலாக விற்கும் கடையை 'ஆஃப் ஷாப்' என்பார்கள். வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 'டிரை டே' அன்று கடை திறக்காது. பெரும்பாலான கடைகளில் விஸ்கியும் ரம்மும்தான் வேகமாக நகரும். ஒயின் மேல் தட்டில், டியூப்லைட்டை ஒட்டித் தூசி படிந்து நின்றுகொண்டிருக்கும். அந்த பாட்டிலைத் தொடாதீர்கள். ஏசி போட்ட கடையாக, ஒயின் அதிகம் விற்கும் கடையாகத் தேடிப் போங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். கார்க் மேலே எழும்பியிருந்தால், கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தால், வெள்ளை ஒயின் பழுப்பேறியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அடுத்து, வயது. ஒயின் பழசானால் உசத்தி என்று யாரோ நம் எல்லோர் காதிலும் ஓதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ரூபாயை ஒட்டிய பாட்டிலுக்கு அது பொருந்தவே பொருந்தாது. வெள்ளை, இளஞ்சிவப்பான ரோஸே என்றால் அறுவடையாகி ஒன்றிரண்டு வருடத்துக்குள், ரெட் என்றால் மூன்று வருடத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. ஐரோப்பாவில் திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் நம் குளிர்காலத்தில் கனிய விட்டு, ஜனவரி தொடங்கி கோடைக்குள் அறுத்துவிடுகிறார்கள். லேபிளில் அறுவடை ஆண்டு இருக்கும். இல்லையென்றால் பாட்டிலில் அடைத்த மாதம் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படியுங்கள்.

வெளிநாட்டு பாட்டில்தான் கௌரவம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இறக்குமதி ஒயினுக்கு இந்தியா நீண்ட காலம் 150 சதவீதச் சுங்கவரி போட்டுவந்தது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய ஒயினுக்கு ஓரளவு குறைந்தது. அதற்கு மேல் மாநில வரி. கொல்கத்தாவில் மலிவான வெளிநாட்டு பாட்டிலுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு ஒயினுக்குப் போவதில்லை. அதே காசுக்கு நாசிக்கின் சூலா, நந்தி மலை அடிவாரத்து குரோவர், சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜின் ஃபிராட்டெல்லி ஆகியவற்றில் நல்லதாகவே கிடைக்கும். முதல் பாட்டிலுக்கு என் சிபாரிசு ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். லேசான இனிப்பு, பழ வாசனை, துவர்ப்பு இல்லை, யாரையும் பயமுறுத்தாது. எலுமிச்சைப் புளிப்பு பிடிக்கும் என்றால் சாவினியோன் பிளாங்க். ரெட்டில் ஷிராஸ் பக்கம் போகலாம். ஒயினுக்குப் புதியவர்கள் காபர்னே சாவினியோனில் தொடங்கி, அதன் துவர்ப்பைக் கண்டு ஒயினையே வெறுத்துவிடுவதுண்டு.

இனி பரிமாறல். 'ரெட் ஒயினை அறை வெப்பத்தில் கொடுங்கள்' என்று புத்தகங்கள் சொல்லும். அவை சொல்லும் அறை, 16 முதல் 18 டிகிரி உள்ள குளிர்நாட்டு அறை. மே மாதம் கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்து வீட்டின் அறை 34 டிகிரி! அந்தச் சூட்டில் ரெட் ஒயினை ஊற்றினால் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். ஆகவே ரெட்டையும் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்கும் ரோஸேக்கும் 8 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். மூன்று மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும். பரிமாறுமுன் கால் மணி நேரம் வெளியே எடுத்து வைக்கும் வழக்கம் இந்த ஊருக்குத் தேவையில்லை. டம்ளரில் விழுந்த ஐந்தாவது நிமிடமே வெயில் அந்த வேலையைச் செய்துவிடும்.

விருந்தாளி வாசலுக்கு வந்துவிட்டார், பாட்டில் சூடாக இருக்கிறது என்றால் ஆப்தார் வழிதான். ஒரு வாளியில் ஐஸ், அது மூழ்கும் அளவு தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு. வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கே மட்டும்தான் தொடும். தண்ணீர் ஊற்றினால் முழுக்கச் சூழ்ந்துகொள்ளும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் பூஜ்யத்துக்கும் கீழே குளிரும். அவ்வப்போது பாட்டிலைத் திருப்பிவிட்டால் இருபது முப்பது நிமிடத்தில் தயார். இந்த ஊர் ஈரக்காற்றில் பாட்டில் வேர்த்து வழுக்கும். ஒரு கம்சாவை, அதாவது வங்காளத் துண்டை, சுற்றிப் பிடித்து ஊற்றுங்கள்.

கிளாஸ் வாய் குறுகியதாக இருந்தால் போதும், விலை முக்கியமில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மேலே உள்ள காலியிடத்தில்தான் வாசனை தங்கும். தண்டைப் பிடித்துக்கொண்டால் கைச்சூடு ஒயினில் ஏறாது. 750 மில்லி பாட்டில் ஐந்து பேருக்கு ஒரு சுற்று வரும்.

சாப்பாட்டு விஷயத்தில் கொல்கத்தா கொடுத்து வைத்த ஊர். தேங்காய்ப்பாலில் இறால் வேகும் சிங்ரி மலாய்க்காரிக்கு ஷெனின் பிளாங்க் அப்படியே பொருந்தும். கடுகு அரைத்துச் சமைத்த இலிஷ் மீனுக்கு நல்ல குளிர்ச்சியில் சாவினியோன் பிளாங்க். இலிஷோடு ரெட் மட்டும் வேண்டாம். ரெட் ஒயினில் இருக்கும் இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்தால் கவிச்சி அடிக்கும். கஷா மாங்ஷோ என்ற ஆட்டுக்கறி வறுவலுக்கு ஷிராஸ். சீனர் பேட்டையான டாங்ராவின் சில்லி சிக்கனுக்கு ரோஸே. ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தைத் தூக்கிக் கொடுக்கும், லேசான இனிப்பு அடக்கும். பனைவெல்லத்து இனிப்பான நொலேன் குர் சந்தேஷ் முன்னால் சாதா ஒயின் எதுவானாலும் புளித்துத்தான் போகும், இனிப்பைவிட இனிப்பான 'லேட் ஹார்வெஸ்ட்' ஒயின் இருந்தால் ஒழிய. நம் வீட்டுப் புளிக்குழம்புக்கு என்ன பொருத்தம் என்று கேட்டால், மோர் என்பேன்.

மிச்சம் வைத்தால் மூடி போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ரெட்டையும் சேர்த்துத்தான். திருகு மூடி பாட்டில் என்றால் வேலை சுலபம். மூன்று நாள் தாங்கும். நுரைக்கும் ஒயின் மறுநாளே நுரை அடங்கிவிடும். திறக்காத பாட்டிலைப் பரணிலோ சமையலறை அலமாரியிலோ வைக்காமல், உள்ளறைத் தரையோரம் இருட்டில் வையுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அதுகூட வேண்டாம். அந்த வாரம் குடிக்கப்போவதை மட்டும் வாங்குங்கள்.