மனசுக்கு மாத்திரை சாப்பிடுவதை மறைக்காத எழுத்தாளர்: யார் இந்த கோபிகிருஷ்ணன்?

சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை அவலூர்பேட்டை வாரச்சந்தையில் நின்றுகூட சத்தமாகச் சொல்வோம். மனசுக்கு மாத்திரை போடுறேன் என்று சொந்த அண்ணனிடம்கூட சொல்ல மாட்டோம். சொன்னால் பொண்ணு கிடைக்காது, வேலை போயிடும் என்ற பயம். அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை.

இதை மறைக்காமல் எழுதியவர் கோபிகிருஷ்ணன். இலக்கியம் படிப்பவர்களைத் தாண்டி இவர் பெயர் அதிகம் போய்ச் சேரவில்லை.

யார் இவர்?

1945-ல் மதுரையில் பிறந்தார். உளவியலும் சமூகப்பணியும் படித்து, மனநலம் சார்ந்த சமூகப் பணியாளராக வேலை பார்த்தார். ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆலோசனை மட்டும் சொன்னவர் அல்ல. அவரே மனச்சிக்கலுக்கு ஆளாகி சிகிச்சை எடுத்தவர். 2003-ல் மறைந்தார்.

என்ன எழுதினார்?

'ஒவ்வாத உணர்வுகள்', 'டேபிள் டென்னிஸ்', 'தூயோன்' என்று சில புத்தகங்கள். இவற்றில் தனித்து நிற்பது 'உள்ளேயிருந்து சில குரல்கள்'. மனநோயாளிகளைப் பற்றி மற்றவர்கள் பேசுவதுதான் வழக்கம். இதில் அவர்களே பேசுகிறார்கள். அழ வைக்கும் வேலை எதுவும் கிடையாது. சில இடங்களில் சிரிப்பு வந்துவிடும், சிரித்த பிறகு சங்கடமாக இருக்கும்.

அவர் கதைகளில் நோய் தனியாக வராது. வாடகை பாக்கி, குறைஞ்ச சம்பளம், மேலதிகாரியின் பேச்சு, அடிக்கடி மாறும் வேலை எல்லாமே சேர்ந்துதான் வரும். டாக்டர் ஷீட்டில் இதெல்லாம் ஏறாது. கதையில் ஏறியிருக்கிறது.

கவிஞர் ஆத்மாநாமையும் இங்கே சொல்லணும். 'ழ' இதழை நடத்தியவர். மனநோயோடு போராடி 1984-ல், 33 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 'கலைஞன்னா அப்படித்தான் இருப்பான்' என்று இதை ஒரு பெருமையாகப் பேசுபவர்கள் இன்றும் உண்டு. சிகிச்சை தேவைப்பட்ட ஒரு மனிதரின் மரணத்தில் அழகு எதுவும் இல்லை.

மன அழுத்தமும் மனச்சோர்வும் ஒண்ணா?

இல்லை. நாங்கள் உட்பட செய்தி சேனல்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். பரீட்சை, கடன், வேலை நெருக்கடியில் வருவது அழுத்தம். பெரும்பாலும் காரணம் விலகினால் குறையும். மனச்சோர்வு ஒரு நோய். எதிலும் விருப்பமின்மை, தூக்கம் அல்லது பசி மாறுவது, அளவுக்கு மீறிய குற்றவுணர்ச்சி, சாவைப் பற்றிய எண்ணம் போன்றவை 2 வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். 'நாலு நாள் போட்டேன், ஒண்ணும் கேட்கலை' என்று விட்டுவிடுவதும், கொஞ்சம் தெளிந்ததும் தானாக நிறுத்துவதும்தான் பல வீடுகளில் நடக்கிறது.

கோயிலுக்குப் போகலாமா?

அவலூர்பேட்டைக்குப் பக்கத்தில்தான் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில். மனசு சரியில்லாதவர்களை அமாவாசைக்கு அழைத்து வரும் குடும்பங்கள் உண்டு. போகட்டும், அந்த நம்பிக்கையும் தெம்பு தரும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போக வேண்டாம், அவ்வளவுதான். கட்டிப்போடுவது கூடவே கூடாது. 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரை கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும், அரசு அவருக்கு சிகிச்சை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

எங்கே கேட்பது?

இந்தப் பக்கத்து மக்களுக்கு திருவண்ணாமலை அல்லது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் கைக்கெட்டும் தூரம். பஸ் ஏறும் முன் பேசிப் பார்க்க நினைத்தால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022 முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணிலும் கேட்கலாம். நோயாளிதான் பேசணும் என்று இல்லை, வீட்டில் இருப்பவர்களும் போன் செய்யலாம்.