கண்டி எங்கே முடிகிறது?

கண்டியிலிருந்து ஏ9 வீதியில் மாத்தளைப் பக்கம் போகிறவர்களுக்கு அக்குறணையைத் தெரியாமல் இருக்காது. வீதியின் இரு பக்கமும் மாடிக் கட்டடங்கள், வங்கிகள், புடவைக் கடைகள், நெரிசல். மழை கடுத்து பிங்கா ஓயா பெருகினால் தண்ணீர் கடைகளுக்குள் வந்துவிடும். வியாபாரிகள் சரக்கை அள்ளி மேல்மாடியில் போடுவார்கள். இந்த ஊர் அரசாங்கக் கணக்கில் ஒரு கிராமம். 2009இல் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்ட, கைத்தொழிற்சாலைகள் நிறைந்த பல்லேகலையும் அப்படித்தான். மாநகர சபை அல்லது நகர சபை எல்லைக்குள் இருந்தால் நகரம். பிரதேச சபைக்குள் விழுந்தால், அங்கே எத்தனை மாடி எழும்பினாலும் கிராமம்.

1981 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் நகரவாசிகள் 21.5 வீதம். 2012இல் 18.2 வீதம். முப்பது வருடங்களில் நாடு கிராமத்துக்குத் திரும்பிவிடவில்லை. 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது பட்டின சபைகள் மறைந்து, அவற்றின் ஊர்கள் கிராமக் கணக்கில் சேர்ந்துவிட்டன. முக்கிய காரணம் அதுதான். கண்டி மாவட்டத்தின் ஏறத்தாழ 13 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் எட்டில் ஒரு பங்கினர்தான் நகரவாசிகள் என்றது 2012 மதிப்பீடு. தினமும் கண்டி வீதிகளில் சிக்கித் தவிப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

பிரதேச, நகரப் பொருளியல் ஆய்வாளர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு இந்த மாதிரி எல்லைகளோடுதான். எந்த ஊர் எந்த ஊரை இழுக்கிறது, வேலை எங்கே குவிகிறது, நிலத்தின் விலை எங்கே ஏறுகிறது, ஏன் என்பவையே அவர் கேள்விகள். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கண்டிக்கு அருகே பேராதனைக்கு இடம் மாறியபோது, இந்தக் கேள்விகளைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. மூன்று பக்கம் மகாவலி, நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஒரு நகரம், சுற்றிலும் கிராமங்கள், மேலே தேயிலை.

தொடக்கமும் நன்றாகவே அமைந்தது. பொருளியலாளர் என். கே. சர்க்காரும், பிற்காலத்தில் ஹாவர்டில் பேராசிரியராகி உலகப் புகழ்பெற்ற யாழ்ப்பாணத் தமிழர் எஸ். ஜே. தம்பையாவும் பாததும்பரவின் கிராமங்களில் ஆய்வு நடத்தி, 1957இல் 'சிதையும் கிராமம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார்கள். நிலமற்றவர்களின் பெருக்கம், துண்டு துண்டாகிப்போன காணிகள், அந்தே எனப்படும் வாரக் குத்தகையின் பாரம் எல்லாம் அதில் இருந்தன. அன்று அவர்கள் சிதையும் கிராமங்களைக் கண்ட அதே பாததும்பரவில் இன்று மடவளைக் கடைத்தெருவும் நெரிசலும்தான் கண்ணில் படுகின்றன. கிராமம் சிதைந்து என்னவாக ஆனது என்ற அடுத்த அத்தியாயத்தை அதே ஆழத்தோடு யாரும் எழுதி நான் வாசித்ததில்லை.

அந்த ஆய்வு கிராமங்களைப் பற்றியது. பின்னால் வந்தவை பெரும்பாலும் நகரத்தைப் பற்றியவை: நெரிசல், 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரைக் காப்பது, பஸ் நிலையம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் நகரம், கிராமம் என்பவற்றோடு தோட்டம் என்று தனியாக ஒரு துறை உண்டு. இருபது ஏக்கருக்குக் குறையாத நிலமும் அதில் குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேராவதும் இருந்தால் அது தோட்டம். 2012இல் கண்டி மாவட்டத்தில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள்.

பிரதேசப் பொருளியல் என்ற ஆய்வுத் துறையே ஒரு தோட்டத்தில்தான் பிறந்தது. வட ஜெர்மனியில் டெல்லோ என்ற தோட்டத்தை 1810இல் வாங்கிய ஃபொன் தூனன், வருடக்கணக்காகக் கணக்கேடுகளை எழுதிவைத்து, 1826இல் தன் நூலை வெளியிட்டார். சந்தைக்கு அருகே காய்கறியும் பாலும், அதற்கப்பால் விறகு, தானியம், தொலைவில் கால்நடை என்று நகரத்தைச் சுற்றி நிலம் வளையம் வளையமாகப் பிரியும் என்றார். கண்டியில் அந்த வளையம் பொருந்தவில்லை. நகரத்தின் தலைக்கு மேலே ஹந்தானை மலையில் நின்றது கண்டிக்காரருக்கான காய்கறி அல்ல, கடல் கடந்து விற்கும் தேயிலை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட காலத்திலிருந்து தோட்டத்தின் சந்தை தூரத்திலேயே இருந்தது. பக்கத்து நகரத்தோடு அதற்குப் பெரிய கொடுக்கல் வாங்கல் இருக்கவில்லை.

இன்று இருக்கிறது. காலையில் கலஹா, தெல்தோட்டைப் பக்கமிருந்து கண்டிக்கு இறங்கும் பஸ்களைப் பாருங்கள். அம்மா மலையில் கொழுந்து எடுக்கப் போயிருப்பார். மகள் கையில் சோற்றுப் பார்சலோடு புடவைக் கடைக்கு வேலைக்கு வருகிறாள். தம்பி பேக்கரியிலோ கட்டட வேலையிலோ. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பறாவில் மாதக் கடைசியில் அடுப்பெரிய வைப்பது கண்டிச் சம்பளம். பஸ் காசு சம்பளத்தைத் தின்றுவிடும் இடத்தில்தான் ஒரு நகரம் முடிகிறது என்று நகரப் பொருளியல் நோக்கில் சொல்லலாம். அந்த அளவுகோலை வைத்தால் கண்டி லயம்வரை நீள்கிறது. ஆனால் குடிசன மதிப்பீட்டில் அந்த மகள் தோட்டத்துக்காரி. அவள் நகரத்தை நடத்துகிறாள் என்பது எந்த அட்டவணையிலும் வராது.

என் கவலை இதுதான், இதை எழுத வைத்ததும் இதுதான். பெட்டியின் பெயர் வெறும் பெயராக நிற்பதில்லை. பணம் போகும் வழியை அது தீர்மானிக்கிறது. பிரதேச சபைகள் தங்கள் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. வாக்குப் போடலாம், பாதை கேட்க முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பத்தொரு வருடம்! அந்தச் சட்டம் வந்தபோது பிறந்த பிள்ளை படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் முடித்திருக்கும். இன்றும் பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, தேதி கடந்த பிறகு கைக்கு வரும்.

தோட்டம் என்று தனியாகக் காட்டினால்தான் அங்குள்ள வறுமை கண்ணுக்குத் தெரியும், நிதியும் கேட்கலாம் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு.

ஆனால் தனியாகக் காட்டுவதும் தனியாக நிறுத்துவதும் வேறு வேறு. மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் பல, 1992இல் மற்றத் தோட்டங்களின் நிர்வாகம் தனியாருக்குக் கைமாறியபோதும் அரசின் கையிலேயே தங்கி, நலிந்து, தரிசாகிக்கொண்டு வந்தன. அங்கே நாட்சம்பளத்தை மட்டும் நம்பிய குடும்பம் அரிது. கண்டி தளர்ந்தால் அந்த லயங்களும் தளரும். அந்தப் பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால் கண்டிக் கடைகளில் ஆளிருக்காது. இந்த இருவழிப் போக்குவரத்தை அளந்து எண்களாகத் தரவேண்டியவர் பிரதேசப் பொருளியலாளர்தான்.

கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு, அங்கே கிடைத்த தரவில் கட்டுரைகள், திரும்பி வந்து பதவி உயர்வுக்கான புள்ளிகள் என்று ஒரு ஆய்வு வாழ்க்கை ஓடிவிடுவது இயல்பு. தரவு இருக்கும் இடத்துக்கு ஆய்வு போகும். தரவு பெரும்பாலும் கொழும்பைப் பற்றியே இருக்கிறது. லயத்திலிருந்து பேராதனைக்கு வந்து பொருளியல் படிக்கும் மாணவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விடிகாலைக் கலஹா பஸ்ஸில் ஏறி, எங்கே இறங்குகிறீர்கள், என்ன சம்பளம், அதில் பஸ்ஸுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று ஒரு வருடம் கேட்டு எழுதினால் போதும், கண்டியின் உண்மையான எல்லை வரைபடத்தில் வந்துவிடும். அதற்கு ஒரு சிறு ஆய்வு நிதியும், தமிழில் அச்சடித்த கேள்வித்தாளும் வேண்டும்.