கிருமியும் புற்றும் – 7: பட்டியலில் இல்லாத நோய்

நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 பேரின் உடம்பில் தோன்றிய ஊதாத் திட்டுகளைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களைப் பற்றி 1981 ஜூலையில் வெளியான அறிக்கையில் இருந்த 26 பேரும் ஆண்கள். கபோசி சர்கோமா என்ற அந்தப் புற்றுதான் எய்ட்ஸின் முகமாக உலகுக்கு அறிமுகமானது. 1982-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் எய்ட்ஸுக்கு வரையறை எழுதியபோது அது பட்டியலில் ஏறியது. பிறகு நிணநீர்ப் புற்றில் சில வகைகளும் ஏறின. கருப்பை வாய்ப் புற்றுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

பட்டியல்தானே என்று தோன்றலாம். ஆனால் உடல் தளர்ந்து வேலைக்குப் போக முடியாத ஏழை நோயாளிக்கு அன்று அரசு உதவித்தொகை கிடைத்ததே அந்தப் பட்டியலை வைத்துத்தான். கபோசி வந்த ஆணுக்கு எளிதில் பணம் வந்தது. எச்.ஐ.வி.யோடு கருப்பை வாய்ப் புற்றும் வந்து படுத்த பெண்ணுக்கு எய்ட்ஸ் இல்லை என்றது சட்டம்.

1990-இல் நியூயார்க்கில் டெர்ரி மெக்கவர்ன் என்ற வழக்கறிஞர் இதற்காக அரசின் மீது வழக்குப் போட்டார். அதே ஆண்டு அட்லாண்டாவில் நோய்த்தடுப்பு மையத்தின் வாசலிலேயே போராட்டம் நடந்தது. பெண்களுக்கு எய்ட்ஸ் வருவதில்லையாம், அதனால் சாக மட்டும் செய்கிறார்களாம் என்பதுதான் அந்தப் போராட்டங்களில் ஒலித்த முழக்கம். முன்னின்றவர்களில் ஒருவர் கேத்ரினா ஹாஸ்லிப். பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில் கைதியாக இருந்தபோதே, எச்.ஐ.வி. உள்ள சக கைதிகளுக்குத் துணையாக ஓர் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். திருத்திய வரையறை 1993 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கருப்பை வாய்ப் புற்று அதில் சேர்ந்திருந்தது. கேத்ரினா 1992 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். அந்தச் சில வாரங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

உடம்புக்குள் நடப்பது என்ன? எச்.ஐ.வி. நேரடியாக இந்தப் புற்றை உண்டாக்குவதில்லை. உண்டாக்குவது எச்.பி.வி. என்ற வேறொரு கிருமி, முக்கியமாக அதன் 16, 18 ஆகிய வகைகள். உடலுறவு வழியே மிகப் பலருக்கும் தொற்றுவது அது. பெரும்பாலோருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் உடம்பே அதைத் துரத்திவிடும். எச்.ஐ.வி. தாக்கி, நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்கள் குறைந்த உடம்பால் அது முடிவதில்லை. கிருமி கருப்பை வாயிலேயே தங்குகிறது, செல்கள் மெல்ல மாறுகின்றன. சாதாரணமாக 15, 20 ஆண்டுகள் பிடிக்கும் இந்த மாற்றம், எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே முடிந்துவிடலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு.

1996-க்குப் பிறகு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து பரவிய நாடுகளில் கபோசி வேகமாகக் குறைந்தது. கருப்பை வாய்ப் புற்றை அப்படி மாத்திரையை மட்டும் நம்பி விட முடியாது. மாத்திரை தவறாமல் சாப்பிட்டு ரத்தத்தில் எச்.ஐ.வி. அடங்கியிருக்கும் பெண்ணுக்கும் பரிசோதனை தேவை.

அதில் எளியது ஒன்றின் பலன் நிரூபணமானது திண்டுக்கல் மாவட்டத்தில்தான். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் மாறிய இடம் வெளுத்துத் தெரியும். 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த அந்த ஆய்வில் இப்புற்றால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அது பொதுவாக எல்லாப் பெண்களுக்குமான ஆய்வு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எச்.பி.வி. மரபணுச் சோதனையே மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்கள் 30 வயதில் தொடங்கலாம், இவர்கள் 25-லேயே தொடங்கி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.

எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கப் போகும் நாளிலேயே அந்தச் சோதனையை எங்கே செய்துகொள்வது என்று கேளுங்கள். ரத்தப்போக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

(தொடரும்)