உங்களுக்குத் தெரியுமா? பேரன் பெயர்த்த அரண்மனை

மதுரை திருமலை நாயக்கர் மஹாலுக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர்கள் பார்ப்பது, 1636-இல் எழுந்த அரண்மனையின் நாலில் ஒரு பங்கைத்தான்.

இடித்தது எதிரிப் படை அல்ல. கட்டியவரின் பேரன் சொக்கநாத நாயக்கரே, திருச்சியில் தனக்கொரு மாளிகை எழுப்ப இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார்! அந்தப் பெயர்ப்புக்குத் தப்பிய பத்துத் தூண்கள், விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைச் சந்துக்குள் இன்றும் நிற்கின்றன. பத்துத்தூண் என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும்; அது அரண்மனையின் மிச்சம் என்பது துணி எடுக்க வருகிற பலருக்குத் தெரியாது.

மஹாலின் வளைவுகளும் குவிமாடமும் செங்கல், சுண்ணாம்புச் சாந்து; பளபளப்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சின் உபயம்.

1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு இதைப் பழுதுபார்த்தார். பிறகு நெடுங்காலம் இங்கே நீதிமன்றம் நடந்தது.