குளிர்காலத்திலும் கதகதப்பான வீடு: எப்படி?

இங்கிலாந்தின் லட்லோ போன்ற சந்தை நகரங்களில் ஜனவரி என்றால் கடுங்குளிர். ஆனால் ‘பாசிவ்ஹவுஸ்’ முறையில் கட்டிய புது வீட்டில் ஹீட்டருக்கு அதிக வேலை இல்லை. ஏன்?

வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே ஓடும். பழைய வீட்டில் சுவர், கூரை, ஜன்னல் இடுக்கு எல்லாமே அதற்கு வழி. ஓட்டைப் பானையில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையுமா? அதனால் முதலில் ஓட்டையை அடைக்கிறார்கள்.

எப்படி? சுவருக்குள் தடிமனாகக் கனிமப் பஞ்சோ மரநாரோ அடைக்கிறார்கள். அதில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. உள்பக்கம் கை வைத்தால் சில்லிடாது. பிறகு வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்தத்தில் காற்றுக் கசிவை அளக்கிறார்கள். மணிக்குக் கசியும் காற்று, வீட்டின் மொத்தக் காற்றளவில் 0.6 பங்கைத் தாண்டக் கூடாது.

அப்படியானால் மூச்சு முட்டாதா? முட்டாது. ஒரு காற்றோட்டக் கருவிக்குள், வெளியேறும் வெதுவெதுப்பான காற்றும் உள்ளே வரும் குளிர்காற்றும் மெல்லிய தகடுகளின் இருபுறமும் கலக்காமல் செல்கின்றன. வெப்பம் மட்டும் கைமாறுகிறது. உள்ளே 20 டிகிரி, வெளியே 0 டிகிரி என்றால், 80% வெப்பத்தை மீட்கும் கருவி புதுக்காற்றை 16 டிகிரியில் தரும்.

சூடேற்ற ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பதே இலக்கு. 100 சதுர மீட்டர் வீட்டுக்கு 1,500 யூனிட் போதும். எரிக்காமல் மிச்சப்படுத்தும் எரிபொருளே நம் பிள்ளைகளுக்கு நாம் சேர்த்துவைக்கும் சொத்து.